அம்பாசடர் எஞ்சினின் வால்வுப் பாகங்கள்: வண்டியோடு வந்தது எது, வழியில் ஏறியது எது?

எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடியான ராக்கர் கவரைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். அவற்றைக் கழற்றிக் கவரைத் தூக்கினால் எட்டு ராக்கர்கள் (வால்வைத் தட்டித் திறக்கும் சிறு நெம்புகோல்கள்), எட்டு வால்வுகளின் ஸ்பிரிங்குகள், நடுவே நீளமாக ஒரு ஷாஃப்ட், எல்லாவற்றின் மேலும் கறுத்த எண்ணெய். பழைய அம்பாசடர் வாங்கிய யாரும் முதல் மாதத்துக்குள் இந்தக் காட்சியைப் பார்த்துவிடுவார்கள். இவற்றில் எது பிறப்பிலேயே வந்தது, எதை யாரோ பின்னால் மாட்டினார்கள் என்ற கேள்வியும் அப்போதே எழும்.

என்னுடையது 1960களின் பிற்பகுதியில் வந்த மார்க் 2. கவரை முதன்முதலில் திறந்தபோது, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணி ஆறாவதாக இருந்த ராக்கர் மற்ற ஏழோடு ஒட்டவில்லை. முதுகு சற்றுத் தடிமன், வார்ப்பும் வேறு. மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வால்வுப் பாகங்களை அடையாளம் காணக் கடைக்காரரின் டப்பாவோ, மேலே பொறித்த எண்ணோ ஓரளவுதான் உதவும். பல்லாயிரம் கிலோமீட்டர் சேர்ந்து ஓடிய பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று தடம் பதித்திருக்கும். அந்தத் தடத்தைப் படிப்பதுதான் வேலை. அவசரமாகக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டால் அந்தச் சாட்சியம் அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். எனக்கு அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. நான் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், ஒரு பட்டறையில், ராக்கர்களைக் கீழிருந்து தள்ளும் எட்டு புஷ் ராடுகளையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். எது எந்த இடத்து ராடு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தது.

ஒரிஜினல் என்ற சொல்லை முதலில் உடைத்துக்கொள்வோம்

கடையில் ஒரிஜினல் என்றால் நிறுவனத்தின் பெயர் போட்ட டப்பா. பழைய வண்டிக்காரருக்கு அது போதாது. இந்த எஞ்சினில் கிடைக்கக்கூடிய பாகங்களை நான் நான்காகப் பிரித்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் இந்த எஞ்சினிலேயே மாட்டியவை முதல் வகை. பிறகு அதே நிறுவனமோ அதற்குப் பாகம் கொடுத்தவரோ விற்ற மாற்றுப் பாகங்கள் இரண்டாவது. மூன்றாவது, வெளியார் அளவு பார்த்துச் செய்தவை. இவற்றில் நல்லதும் உண்டு, தகர டப்பாவும் உண்டு. நான்காவது வகைதான் புதியவர்களை ஏமாற்றும்: உறவுக்கார எஞ்சின் ஒன்றிலிருந்து வந்த பாகம். அது நூறு சதவீதம் அசல்தான், ஆனால் உங்கள் எஞ்சினுக்கு அசல் அல்ல.

அது புரிய வேண்டுமானால் இந்த எஞ்சினின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: திறப்பதற்கு முன், எஞ்சின் எது என்று உறுதி செய்யுங்கள்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. முதலில் வந்த வண்டிகளில் 1476 சிசி சைடு வால்வு எஞ்சின் இருந்தது. அதில் வால்வுகள் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கும், அதை மேலே மூடும் ஹெட்டின் மேல் ராக்கர் கிடையாது. 1959இல் அதன் இடத்துக்கு வந்ததுதான் 1489 சிசி எஞ்சின். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது, வால்வுகள் தலைக்கு மேல், அவற்றை நேரம் பார்த்துத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள், நடுவில் புஷ் ராடுகள். 1990களின் தொடக்கத்தில் 1817 சிசி இசுஸு எஞ்சின் வந்தது. அதில் கேம் ஷாஃப்டே ஹெட்டின் மேல்தான். இந்தக் கட்டுரை 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர்கள் ஏராளம். அம்பாசடருக்கே 1489 சிசி டீசல் எஞ்சினும் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள்.

இதே பி வரிசை எஞ்சின் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. விளையாட்டுக் காரிலும் 1489 சிசியாக ஓடியது. பிறகு 1622, 1798 என்று வளர்ந்து எம்.ஜி.பி. வரை போனது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) எல்லாவற்றிலும் 88.9 மில்லிமீட்டர்தான், போர் (சிலிண்டரின் விட்டம்) மட்டும் 73 மில்லிமீட்டரிலிருந்து 80க்குச் சென்றது. எம்.ஜி. கார்களுக்கு இன்றும் இங்கிலாந்தில் உதிரிபாகச் சந்தை இருப்பதால், அங்கிருந்து வரவழைப்பவர்களின் வண்டிகளில் இந்த உறவுக்காரப் பாகங்கள் சத்தமில்லாமல் குடியேறியிருக்கும்.

படி 2: கருவிகளும் ஒரு முட்டை அட்டையும்

வேண்டியவை: அங்குல அளவு ஸ்பானர்கள், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வெர்னியர் கேலிபர், கிடைத்தால் 0–25 மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர், சிறு காந்தம், டார்ச், நோட்டுப் புத்தகம், மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும் 30 குழி முட்டை அட்டை. அட்டையின் குழிகளுக்கு எண் எழுதி, ஓர் ஓரத்தில் "ரேடியேட்டர் பக்கம்" என்று குறித்துவிடுங்கள். டேப்பட் (கேமின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் உருளை), காட்டர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சிறு ஆப்பு), ஸ்பிரிங் தொப்பி எல்லாம் தத்தம் குழிக்குப் போக வேண்டும். புஷ் ராடுகளுக்கு ஒரு காலி அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு எண் எழுதினால் போதும்.

அங்குல ஸ்பானர் ஆடம்பரத்துக்காகச் சொல்லவில்லை. ராக்கரின் அட்ஜஸ்டரை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் திருகை, இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டு அரை அங்குல அளவு, அதாவது 12.7 மில்லிமீட்டர். எல்லோரும் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைத்தான் போடுவார்கள். பிடிக்கும், கொஞ்சம் ஆடும், நாளடைவில் நட்டின் மூலைகள் மழுங்கும். இந்த மழுங்கலே ஒரு தகவல்: பல கைகள் பட்ட எஞ்சின் இது. எட்டில் ஏழு நட்டு மழுங்கி ஒன்று மட்டும் கூர்மையாக இருந்தால், அந்த ஒன்று பின்னால் வந்தது. சந்தேகமிருந்தால் அட்ஜஸ்டர் திருகின் மரையைப் பாருங்கள். பழையது 5/16 அங்குல நுண்மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. 8 மில்லிமீட்டர் சாதா மரைத் திருகு பருமனில் ஏறக்குறைய அதுபோலவே தெரியும். மரைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பார்த்தால் பற்கள் பொருந்தாது.

படி 3: கழற்றாமலே படிப்பது

எஞ்சின் ஆறியிருக்கட்டும். முன்பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். இந்த எஞ்சினில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், அதாவது புகையை வெளியே விடும் வால்வுகள். 2, 3, 6, 7 இன்லெட். பக்கத்துப் பக்கத்து இன்லெட்டுகள் இரண்டும் ஒரே வாயிலைப் பகிர்கின்றன, நடு எக்ஸாஸ்ட்டுகள் இரண்டும் அப்படியே. அதனால் ஹெட்டில் இன்லெட் வாயில் இரண்டு, எக்ஸாஸ்ட் வாயில் மூன்று. ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைப் பார்த்தாலே இது விளங்கும்.

இப்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இருக்கும் எட்டு இடைவெளிகளையும் அளந்து எழுதுங்கள். சரி செய்ய வேண்டாம், எழுத மட்டும். அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: எந்த வால்வை அளக்கிறீர்களோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது இதை அளக்கலாம். எட்டாவது அமுங்கியிருக்கையில் ஒன்றாவது, ஆறாவது அமுங்கியிருக்கையில் மூன்றாவது. மெக்கானிக்குகளில் பலருக்கு இது விரல் நுனியில் இருக்கும்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் மாடலின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரே குடும்பத்தில்கூட எண்கள் மாறும். எம்.ஜி.ஏ. 1500க்கு எஞ்சின் சூடாக இருக்கையில் 0.017 அங்குலம், அதற்கு அடுத்து வந்த எம்.ஜி.ஏ. 1600க்கு 0.015. கேம் மாறினால் இடைவெளியும் மாறும்.

எழுதியாயிற்றா? இனி டார்ச்சை எடுத்து ராக்கர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடலின் வடிவம், வார்ப்புக் கோடு, பொறித்த எழுத்து, உள் உறையான புஷ்ஷின் நிறம். ஒவ்வொன்றையும் ஒரே கோணத்தில் புகைப்படம் எடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில்தான், எஞ்சின் மேல் குனிந்திருந்தபோது கண்ணில் படாத வேறுபாடு தெரியும்.

படி 4: ராக்கர் ஷாஃப்டை இறக்குதல்

இங்கேதான் புதியவர்கள் எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஷாஃப்டைத் தாங்கும் நான்கு தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரைத்தானே எடுக்கிறோம் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் குறைந்து கோணும். கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இறங்கும்.

அதனால் வரிசை இது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் கையேட்டில் சொன்ன வரிசையில் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிறகுதான் தாங்கி நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை ராக்கர்களோடு ஒரே துண்டாகத் தூக்க வேண்டும். தாங்கிகளுக்குக் கீழே மெல்லிய தகடு ஏதும் வைத்திருந்தால் எந்தத் தாங்கிக்குக் கீழ் என்று குறியுங்கள். ஹெட்டைச் செதுக்கிய பிறகு உயரம் ஈடுகட்டச் சிலர் வைப்பதுண்டு. ஹெட்டைத் தூக்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும், திரும்பப் பூட்டும்போது எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சில் இறுக்கியாக வேண்டும்.

படி 5: ராக்கரும் ஷாஃப்டும் சொல்வது

எனக்குப் பிடித்த கட்டம் இது.

ராக்கரின் ஒரு முனையைப் புஷ் ராடு கீழிருந்து மேலே தள்ளுகிறது. மறு முனையை வால்வு ஸ்பிரிங்கும் மேலேதான் தள்ளுகிறது. இரண்டு தள்ளலையும் தாங்குவது ஷாஃப்டின் அடிப்பக்கம். எனவே நியாயமாக ஓடிய ஷாஃப்டில் தேய்மானம் அடியில்தான் இருக்கும், எட்டு ராக்கர்கள் உட்கார்ந்த எட்டு இடங்களில். மேல்பக்கம் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும்.

ராக்கர்களை நகர்த்திவிட்டு ஷாஃப்டின் அடியில் நகத்தை ஓட்டுங்கள். ராக்கர் விளிம்பு இருந்த இடத்தில் நகம் தட்டும். அந்தப் படிகள் இன்றைய ராக்கர்களின் இடத்தோடு சரியாகப் பொருந்தினால், இந்த ஷாஃப்டும் இந்த அமைப்பும் நெடுநாள் தோழர்கள். படி வேறிடத்தில் இருந்தால் ஷாஃப்ட் வேறு எஞ்சினிலிருந்து வந்தது. மேலும் கீழும் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் யாரோ ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அப்படித் திருப்பினால் எண்ணெய்த் துளைகளும் இடம் மாறியிருக்கும். அந்த ஷாஃப்டை மறுபடி போட நான் யோசிப்பேன்.

அளவையும் எடுங்கள். இந்தக் குடும்பத்தில் ஷாஃப்ட் 5/8 அங்குலம், அதாவது 15.87 மில்லிமீட்டர். தாங்கிக்குள் இருந்த, தேயாத இடத்தில் மைக்ரோமீட்டரை வையுங்கள். அங்கேயே இந்த எண் வராவிட்டால் பாகமே வேறு. தேய்ந்த இடத்தையும் அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள்.

அடுத்து ராக்கரின் மூக்கு, வால்வுத் தண்டைத் தட்டும் பகுதி. அங்கே தண்டின் அகலத்துக்கு ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் அகலமும் அதற்குக் கீழே இருக்கும் வால்வுத் தண்டின் முனையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். தண்டின் முனை புதிது போலத் தட்டையாக இருந்து, மூக்கில் மட்டும் ஆழமான பள்ளம் இருந்தால் வால்வு பின்னால் வந்தது. மூக்கு வழவழவென்று இருந்து தண்டின் முனை நசுங்கியிருந்தால் ராக்கர் பின்னால் வந்தது, அல்லது லேத்தில் தேய்த்துச் சரி செய்திருக்கிறார்கள். தேய்த்த மூக்கில் இணையான மெல்லிய கீறல்கள் தெரியும், ஓட்டத்தில் தேய்ந்த மூக்கு கண்ணாடி போல இருக்கும்.

பள்ளம் இருக்கும் ராக்கரில் இடைவெளி வைப்பதே ஏமாற்று வேலை. ஃபீலர் கேஜின் தகடு பள்ளத்தின் இரு கரைகளின் மேல் பாலம் போல நிற்கும். நீங்கள் 0.38 மில்லிமீட்டர் என்று நினைப்பீர்கள், பள்ளத்தின் ஆழமும் சேர்ந்து உண்மையில் கூடுதலாக இருக்கும். அதனால்தான் எத்தனை முறை சரி செய்தாலும் டேப்பட் சத்தம் போகாது. சத்தம் போக வேண்டுமென்று கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிடுவார்கள். சத்தம் நிற்கும், சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, சில மாதத்தில் அதன் விளிம்பு கருகும். டேப்பட் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், கேட்காவிட்டால் கொஞ்சம் பயப்படுங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதை நான் கேலியாக எடுத்துக்கொண்ட காலமும் உண்டு.

ராக்கரின் உள் புஷ் மாற்றப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். புஷ்ஷை மாற்றினால் அதன் வழியே அட்ஜஸ்டருக்குப் போகும் எண்ணெய்த் துளையை மறுபடி துளைக்க வேண்டும், அதற்காக ராக்கரின் முனையில் இருக்கும் சிறு அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்ப அடைக்க வேண்டும். அந்த இடத்தில் புதிய ரிவெட்டோ வெல்டிங் பொட்டோ தெரிந்தால், ராக்கர் பழையது, புஷ் புதியது. இது குறையே இல்லை, முறையாகச் செய்த பழுதுபார்ப்பு. எண்ணெய்த் துளை போடாமலே புஷ் மாட்டியிருந்தால்தான் அது குறை. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 6: புஷ் ராடும் டேப்பட்டும்

புஷ் ராடை வெடுக்கென்று உருவாதீர்கள். கீழ் முனை டேப்பட்டின் குழிக்குள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருவினால் டேப்பட்டும் கூடவே எழும்பி எங்காவது விழும். இரண்டு விரலால் மெல்ல உருட்டி, பிடி விட்டதும் தூக்குங்கள். மேல்முனை கிண்ணம், கீழ்முனை உருண்டை. கிண்ணத்தில் அட்ஜஸ்டரின் உருண்டை பதிந்த வளையம் ராடின் நடுவில் சீராக இருக்க வேண்டும். பழைய ராடில் புதிய அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டு வளையங்கள் தெரியும், ஒன்று மங்கலாக, ஒன்று பளிச்சென்று. நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். நீளம் எட்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் அது எங்கிருந்தோ வந்தது.

டேப்பட்டுகளை எடுக்க ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்து விரலால் மேலே தூக்கி எடுக்கலாம். மேனிஃபோல்டை அவிழ்த்தால்தான் கை போகும். மூடியின் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பழையதை மறுபடி போட்டால் எண்ணெய் ஒழுகும்.

பி வரிசையின் பழைய எஞ்சின்களுக்கு உரிய டேப்பட் 13/16 அங்குல விட்டமும் (20.64 மில்லிமீட்டர்) சுமார் 58 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை, அடி தட்டை. எம்.ஜி.பி.யின் 1970களின் எஞ்சின்களில் இதே விட்டத்தில் சுமார் 38 மில்லிமீட்டர் குட்டை டேப்பட் வந்தது, அதற்கு ஏற்ற நீளமான புஷ் ராடோடு. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைப்பவர்கள் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ராடு எட்டவில்லை என்று தலையைச் சொறிவது இதனால்தான். நான்காவது வகை என்று நான் சொன்னது இதைத்தான்.

டேப்பட்டின் அடியைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓடும்போது டேப்பட் தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் அடியில் ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள் தெரிய வேண்டும், அம்மிக்கல்லில் அரைத்த தடம் போல ஒரே திசையில் அல்ல. ஒரே கோடாகத் தேய்ந்திருந்தால் அந்த டேப்பட் சுற்றவில்லை. அதற்கு நேரான கேமின் முனையும் தேய்ந்திருக்கும். இரும்பு ஸ்கேலின் விளிம்பை அடியின் மேல் நிறுத்தி எதிரே டார்ச் அடித்தால், நடுவில் குழிந்திருக்கிறதா என்று வெளிச்சமே காட்டிக்கொடுக்கும்.

ஓடிப் பழகிய டேப்பட்டும் கேமும் ஒன்றையொன்று செதுக்கிக்கொண்ட ஜோடி. ஒரு டேப்பட்டை இன்னோர் இடத்தில் போட்டால்கூட இரண்டும் வேகமாகத் தேயும். முட்டை அட்டை எதற்கு என்று சிரித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பதில்லை. அதே காரணத்தால், பழைய சந்தையில் "ஒரிஜினல்" டேப்பட் எட்டு கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அசலாகவே இருக்கட்டும், அது வேறொரு கேமோடு வாழ்ந்தது. டேப்பட் மாற்ற வேண்டுமென்றால் புதிதாகத்தான், கேமைப் பரிசோதித்த பிறகுதான்.

கேமைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். டயல் கேஜ் இருந்தால் புஷ் ராடின் தலையில் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு எழும்புகிறது என்று எழுதுங்கள். இன்லெட் நான்கும் தங்களுக்குள், எக்ஸாஸ்ட் நான்கும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த முனை தேய்ந்துவிட்டது. கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் சங்கிலியைப் பார்க்கும் வாய்ப்பு வந்தால், இந்தக் குடும்பத்தின் பழைய எஞ்சின்களுக்கு உரியது இரட்டை வரிசைச் சங்கிலி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒற்றை வரிசை எம்.ஜி.பி.யின் பிற்காலத்தில் வந்தது.

படி 7: வால்வு, கைடு, சீட்

ஹெட்டை எடுக்கும் நாள் வந்தால் மட்டும் இந்தப் படி. வெறும் அடையாளம் காண்பதற்காக நன்றாக ஓடும் ஹெட்டைத் தூக்காதீர்கள்.

எரியறையைப் பாருங்கள். ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த, இதய வடிவம் கொண்ட குழி. பி வரிசையின் கையெழுத்து. அதில் பெரிய வால்வு இன்லெட், சிறியது எக்ஸாஸ்ட். தண்டு சுமார் 8.7 மில்லிமீட்டர். எட்டு வால்வுகளின் தலையிலும் இருக்கும் பொறிப்பை எழுதிக்கொண்டு, காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். மூன்று எக்ஸாஸ்ட் வால்வுகள் காந்தத்தில் ஒட்டி நான்காவது ஒட்டாவிட்டால் உலோகமே வேறு, தனியாக மாற்றப்பட்டது.

ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இரு பாதிக் காட்டர்களை இந்தக் குடும்பத்தின் பழைய எஞ்சின்களில் ஒரு சின்னக் கம்பி வளையம் சுற்றிப் பிடித்திருக்கும். காட்டருக்குக் கீழே தண்டில் ஒரு ரப்பர் வளையமும் உண்டு. முன்பு பிரித்தவர்கள் முதலில் தொலைப்பது அந்தக் கம்பி வளையத்தைத்தான். எட்டிலும் அது இருந்தால், இந்த ஹெட்டைத் தொட்டவர் பொறுமைசாலி, அல்லது யாருமே தொடவில்லை.

வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு சாம்பல் நிறத்தில் இருந்தால் வார்ப்பிரும்பு, பழைய முறை. மஞ்சளாக இருந்தால் வெண்கலம், பின்னால் போட்டது. சீட்டுகளும் அப்படியே. இந்த ஹெட்டில் வால்வு உட்காரும் 45 பாகைச் சரிவை வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருந்தார்கள். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டுக்கு ஒரு மெத்தை போல இருந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. அதன் பிறகு எக்ஸாஸ்ட் சீட் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானே குறையும். அதைத் தடுக்கப் பல பட்டறைகளில் கடின உலோக வளையம் பதித்துக் கொடுத்தார்கள். சீட்டைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் வளையம் பதித்திருக்கிறார்கள். அசல் இல்லைதான். ஆனாலும் அதை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் வண்டியை ஓட்டுபவர் அல்ல, பார்வைக்கு வைப்பவர்.

படி 8: எண்களைக் கடைசியில் பாருங்கள்

வேண்டுமென்றேதான் இதைப் பின்னால் வைத்தேன். பி.எம்.சி. பட்டியலில் பி வரிசைப் பாகங்களுக்கு 1ஹெச், 12ஹெச், ஏஇஹெச் என்று தொடங்கும் எண்கள் உண்டு. 2ஏ, 12ஏ, 12ஜி என்று தொடங்குபவை பெரும்பாலும் சிறிய ஏ வரிசையைச் சேர்ந்தவை, அவை மோரிஸ் மைனர், மினி வகையறாவுக்கு. இது முதல் வடிகட்டலுக்கு நல்லது. ஆனால் வார்ப்பில் எழுந்து நிற்கும் எண் வார்ப்பச்சுக்கு உரியது. அதே வார்ப்பை வெவ்வேறு விதமாகக் கடைந்து இரண்டு பாகங்கள் ஆக்கலாம், பட்டியலில் இருப்பது கடைந்த பிறகு கொடுத்த எண். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். உத்தர்பாராவில் பல்லாண்டு தயாரான எஞ்சினில் இங்கிலாந்துப் பட்டியலின் எண்ணை வரிக்கு வரி எதிர்பார்க்கவும் வேண்டாம். எட்டில் எத்தனை தங்களுக்குள் ஒத்திருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி.

வாங்கப் போகும்போது

சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இந்த எஞ்சினின் பாகங்களைத் தேடி அலைந்திருக்கிறேன். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், புகைப்படம் போதாது. வெர்னியர் பையில் இருக்கட்டும். ராக்கரை வாங்கினால் ஷாஃப்ட் துண்டு ஒன்றில் மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒருமுறை மெழுகுத்தாள் சுற்றிய பெட்டி ஒன்றை அசல் என்று நம்பி, நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் பிரித்தால் எட்டு ராக்கரும் நல்லவைதான், எட்டின் புஷ்ஷிலும் எண்ணெய்த் துளை இல்லை. கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, பெட்டியைத் திறந்த பிறகு மாற்றித் தர முடியாது என்றார். அன்றிலிருந்து கடையிலேயே கம்பியை விட்டுப் பார்க்கிறேன், அவர்கள் முகம் சுளித்தாலும்.

ஆறாவது ராக்கர்

என் வண்டியின் ஷாஃப்டைக் கடைசியில் இறக்கியபோது அந்த ராக்கரை நகர்த்தி அடியில் நகத்தை ஓட்டினேன். மற்ற ஏழு இடங்களில் தட்டியதுபோல அங்கேயும் தட்டியது. ஆனால் ஒரு படி அல்ல, இரண்டு. மயிரிழை தள்ளி உள்ளே இன்னொன்று. பழைய ராக்கர் விட்டுச்சென்றது ஒன்று, இது தனக்கென்று செதுக்கிக்கொண்டது இன்னொன்று. மூக்கின் பள்ளமும் கீழே இருந்த இன்லெட் வால்வின் தண்டும் சாவியும் பூட்டும் போலப் பொருந்தின. புஷ் ராடின் கிண்ணத்தில் ஒரே வளையம்தான் இருந்தது, ஆக ராடும் அந்த நாளிலேயே மாற்றப்பட்டிருக்கிறது. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு நள்ளிரவில், ராடு வளைந்து ராக்கர் உடைந்து, கிடைத்ததை மாட்டி யாரோ வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மூக்கின் பள்ளத்தை மட்டும் லேத்தில் மெல்லத் தேய்த்துச் சரி செய்து அதே இடத்தில் மாட்டினேன். நோட்டுப் புத்தகத்தில் ஆறாம் எண்ணுக்கு எதிரே "வண்டியோடு வந்ததல்ல, மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.